பீரோவும் பெட்டியும் கோழிகளும்

டெலிபோன் அக்கா தன் பீரோவைக் கோழிகளுக்குக் கொடுத்துவிட்டாள் என்ற செய்தி, தெருமுனை டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவளே பீரோவுக்குள் கோழிகளோடு படுத்துக்கொள்கிறாள் என்று வளர்ந்துவிட்டது. எங்கள் தெருவில் செய்திக்குத் தீனி கொஞ்சம் தாராளம். கோழிக்குஞ்சைவிட வேகமாக எடை போடும்.

நடந்தது அவ்வளவு பெரிய விஷயமில்லை. அக்காவிடம் ஒரு மரப் பீரோ இருந்தது. முதல் சம்பளத்தில் வாங்கியது, கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்தது. அதை அவள் தம்பியும் அவளும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, புறவாசல் வழியாக இழுத்துக்கொண்டு போய், குளியலறைச் சுவருக்குப் பின்னால் செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தினார்கள். கதவைக் கழற்றிவிட்டுக் கம்பி வலை அடித்தாள் அக்கா. பாதி அலமாரியில் பலகைகளை எடுத்துவிட்டுக் குறுக்கே கழிகள் செருகினாள், மீதிப் பாதியில் வைக்கோல் பரப்பினாள். சுத்தியல் பிடிக்கத் தெரியாது. பெருவிரல் நகம் கறுத்துப்போனதுதான் மிச்சம். கழற்றிய கண்ணாடிக் கதவைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிற்பாடு அதில் முகம் பார்க்காத கோழி கிடையாது.

துணிமணியெல்லாம்? அது பழையபடி தகரப் பெட்டிக்குள் போய்விட்டது. பெட்டி கட்டிலுக்கடியில். "பீரோவை விட்டுட்டாளே தவிர பெட்டியைப் பிரிக்கலை பாத்தியா" என்று எதிரே இருக்கும் கம்பவுண்டர் வீட்டம்மா சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது.

டெலிபோன் அக்கா என்றால், எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் ஒருவரோடொருவர் இணைத்துவிட்டவள். தன்னை யாரோடும் இணைத்துக்கொள்ள நேரமில்லாமல் போயிற்று. வேலைக்காலம் முழுக்க மகளிர் விடுதியில் ஒரே அறை. ஓய்வு பெற்றதும் தம்பி போய், "நம்ம வீடுன்னு ஒண்ணு இருக்கும்போது எதுக்குக்கா அங்க" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தம்பிக்குத் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. வீடு வீடாகக் குனிந்து பார்த்துப் பழகியவர். சொந்த வீட்டிலும் பெரும்பாலும் குனிந்தபடிதான் இருப்பார், பழக்கதோஷம்.

நிமிர்ந்து நிற்பவள் அவர் மனைவி. தெருவில் அவளுக்குத் தோட்டத்தம்மா என்று பேர். புறவாசலில் அவள் போட்டிருக்கும் காய்கறித் தோட்டத்தைக் காட்டித்தான் மற்ற வீடுகளில் மாமியார்கள் மருமகளை இடித்துக் காட்டுவார்கள். தக்காளிக்கு ஒரு பாத்தி, கத்தரிக்கு ஒரு பாத்தி, பீன்ஸுக்குப் பந்தல், வேலியோரமாகப் பூசணி. அவளைக் கேட்காமல் அங்கே மண்புழுகூட நெளியாது. ஒரே மகளைத் தூர ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டு, மகளுக்கு வாரிய தலையையெல்லாம் இப்போது தக்காளிச் செடிக்கு வாரிக்கொண்டிருந்தாள்.

வந்த புதிதில் அக்கா அந்தத் தோட்டத்தில் ஒரு நாள் களை பிடுங்கப் போனாள். பிடுங்கியதில் பாதி கேரட் நாற்று.  தோட்டத்தம்மா அவள் கையிலிருந்த களைக்கொத்தை வாங்கி ஆணியில் மாட்டினாள், அவ்வளவுதான். சமையலறையிலும் அதே கதை. "நீங்க உக்காருங்க அண்ணி" என்ற உபசாரம் நாள் முழுக்க நடந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து அக்காவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டில் உட்காரச் சொல்லிக்கொண்டே இருந்தால் அங்கே நாம் விருந்தாளி என்று அர்த்தம், இது அவளுக்குத் தெரியாதா.

அப்போதுதான் கோழி யோசனை வந்தது.

"கோழியா?" என்றாள் தோட்டத்தம்மா. கையில் பீன்ஸ் கொடி கட்டும் நார்.

"ஏழெட்டுக் குஞ்சு. குளியலறைக்குப் பின்னாடி இடம் சும்மாதானே கிடக்கு."

"சும்மா கிடக்குன்னு யாரு அண்ணி சொன்னது. நான்தான் ஒண்ணும் போடாம விட்டு வச்சிருக்கேன்."

தம்பி எதையோ தேடுகிறவர்போல உள்ளே போகப் பார்த்தார். "ஏங்க, நில்லுங்க. உங்க அக்காவுக்குக் கோழி வளக்கத் தெரியுமா?"

"தெரியாது" என்று அக்காவே பதில் சொன்னாள். "பழகிக்கிறேன்."

"தோட்டமும் கோழியும் ஒரே கொல்லையில ஆகாது அண்ணி. அது கிளறிப் போட்டுட்டுப் போயிடும். ஒரு பருவம் பூரா போயிடும்."

"வலை கட்டிக்கிறேன். உன் பக்கம் வராது."

தோட்டத்தம்மா நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சரி. ஆனா ஒண்ணு. ஒரு கோழி என் பாத்தியில கால் வச்சுதுன்னா, அன்னைக்கே எல்லாத்தையும் கறிக்கடைக்கு அனுப்பிடணும். ஒண்ணு வச்சாலும் எல்லாம்."

"சரி."

"அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"வருத்தப்படுவேன். சொல்ல மாட்டேன்."

இப்படியாக ஒப்பந்தம் முடிந்தது. இதில் தோட்டத்தம்மாவுக்குத் தெரியாத ஒரு ஷரத்தையும் அக்கா தனக்குத்தானே சேர்த்துக்கொண்டாள். கோழி தங்கினால் தானும் தங்குவது, கோழி போனால் தானும் விடுதிக்கே திரும்பிவிடுவது. அங்கே பழைய அறைத்தோழி ஒருத்தி, "உன் கட்டில் இன்னும் காலியாத்தான் இருக்கு" என்று சொல்லியனுப்பிக்கொண்டிருந்தாள். இதை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாத விஷயம் தெருவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கக் கூடாது.

குஞ்சுகள் ஏழு வந்தன. அக்காவின் அறையில் அட்டைப்பெட்டிக்குள் பல்பு எரிய, தவிட்டிலும் குருணையிலும் கால் வைத்து நடந்தே வளர்ந்தன. அறை முழுக்க ஒரு புளித்த வாடை. பல்பு சூடு அதிகமானால் குஞ்சுகள் ஓரத்துக்கு ஓடும், குறைந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். சரியான உயரம் கண்டுபிடிப்பதற்குள் அக்கா பல்பின் கயிற்றை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, கிணற்றில் நீர் இறைக்கிறவள்போல ஆகிவிட்டாள். தண்ணீர் வைத்த கிண்ணத்தில் ஒன்று விழுந்து விறைத்துப்போக, அதைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு யாரும் உட்காரச் சொல்லவில்லை.

சந்தேகம் வந்தால் கேட்க எங்கள் தெருவில் கோழி தெரிந்தவர் ஒருத்தர்தான், கறிக்கடைக்காரர்.

"வளக்கிறதைப் பத்தி என்கிட்ட கேக்குறீங்களேம்மா" என்றார் அவர். "நான் அந்தக் கதையில கடைசிப் பக்கம் மட்டும் படிச்சவன்."

"சும்மா சொல்லுங்க அண்ணே. என்ன கவனிக்கணும்?"

"ஒரு பக்க இறக்கை நுனியைக் கத்தரிச்சு விட்ருங்க. ஒரு பக்கம் மட்டும். பறந்தா சாஞ்சுக்கிட்டு கீழ விழுந்திடும். வேலி தாண்டாது."

"பறவைன்னு பேரை வச்சுட்டு இறக்கையை நறுக்குறதா?"

"நறுக்குனா வலிக்காதும்மா. நகம் வெட்டுற மாதிரிதான்."

"எனக்கு வலிக்கும்" என்று சொல்லிவிட்டு அக்கா வந்துவிட்டாள். கதையே அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அப்போது யாருக்குத் தெரியும்.

குஞ்சுகள் கோழிகளாகி பீரோவுக்குக் குடிபோயின. மேய்வதற்குப் பீரோவைச் சுற்றி, சொன்னபடியே வலை அடைப்பும் கட்டினாள் அக்கா. பேர் வைக்கும்போது அக்காவுக்கு வேறு உலகம் தெரியாது. வலை மேலேயே நடந்து வேடிக்கை பார்க்கும் சாம்பல் நிறக் கோழிக்கு லைன்மேன் என்று பேர். எப்போது பார்த்தாலும் வைக்கோல் தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு அடுத்த கோழியை அண்டவிடாத செவலைக்கு எங்கேஜ்டு. எல்லாவற்றிலும் கொழுத்தது, அக்கா கையிலிருந்தே தின்னும் செல்லம், அது ஒரு விடியற்காலையில் கழுத்தை நீட்டிக் கத்தியபோதுதான் சேவல் என்று தெரிந்தது. அந்தச் சத்தத்துக்கு, வெளியூர்க்காரரோடு கத்திப் பேசும் டிரங்கால் என்றே பேராயிற்று. எதிர்வீட்டுக் கம்பவுண்டருக்கு அன்றோடு தூக்கம் போயிற்று. பக்கத்துத் தெருவரை கேட்கிறது என்று புகார். டிரங்கால் என்றால் பின்னே கேட்கவேண்டாமா.

தீனித் தட்டைக் கையில் எடுத்ததும் அக்கா வாயில் வந்த சொல்லும் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்ததுதான். "ஹலோ... ஹலோ..." நிதானமாக, கொஞ்சம் மூக்கால், கடைசியில் ஏற்றி. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். அந்தக் குரலைக் கேட்டால் எங்கே மேய்ந்தாலும் ஏழும் தலை தெறிக்க ஓடிவரும். தோட்டத்தம்மாவுக்கு இது தெரியாது. கோழிப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று வைராக்கியம். சமையலறை ஜன்னல் வழியாகக் குரல் மட்டும் கேட்கும். கேட்டுக்கொண்டு வாணலியைக் கொஞ்சம் சத்தமாக இறக்கி வைப்பாள்.

இதற்கிடையில் அக்கா ஒரு நல்ல காரியம் செய்து தொலைத்தாள்.

கோழி எச்சம் செடிக்கு உரம் என்று எங்கேயோ கேட்டிருக்கிறாள். பீரோவுக்கடியிலிருந்து வாரியதை, தோட்டத்தம்மா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தக்காளி நாற்றுகளின் அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கை என்று ஆசையாகப் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டாள். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. ஆச்சரியமாகத்தான் இருந்தது. சில நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்து, பாத்தி முழுக்க யாரோ வெந்நீர் ஊற்றியதுபோல ஆகிவிட்டது.

"பச்சையாவா போட்டீங்க?" என்றாள் தோட்டத்தம்மா. குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அது சூடு அண்ணி. மட்கணும். பச்சையா போட்டா வேர் வெந்துடும்."

"தெரியலம்மா."

"தெரியலன்னா கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேண்டாம்னிருப்ப."

"ஆமா. வேண்டாம்னுதான் இருப்பேன்."

 ஒப்பந்தத்தில் கோழியின் காலைப் பற்றித்தான் இருந்தது, அக்காவின் கையைப் பற்றி இல்லை. அதனால் கோழிகள் தப்பின. அன்றைக்கு ஆரம்பித்து, தோட்டத்தம்மாவுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. அக்கா அவித்து வைத்தால், "எனக்குச் சூடு" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். அவள் ஆம்லெட் எப்படிச் சாப்பிடுவாள் என்று தெருவுக்குத் தெரியும்.

அக்கா விடவில்லை. முட்டிபோட்டு உட்கார்ந்து, நாற்று நாற்றாக அடிமண்ணைக் கையால் தோண்டி எருவை எடுத்தாள். குடம் குடமாகத் தண்ணீர் விட்டு மண்ணை அலசினாள். பிழைத்தது பாதி. பிறகு குளியலறைச் சுவரோரம் ஒரு குழி வெட்டினாள். ஒரு அடுக்கு எச்சம், ஒரு அடுக்கு காய்ந்த சருகு, மேலே மண், தண்ணீர். வாரத்துக்கொரு தரம் மண்வெட்டியால் புரட்டினாள். புரட்டும்போது ஆவி பறக்கும், கை வைத்தால் சுடும். "அண்ணி உலை வைக்குறாங்க" என்று தோட்டத்தம்மா மகளிடம் போனில் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"ஏன்க்கா இந்தக் கஷ்டம்?" என்று தம்பி கேட்டார்.

"வெந்துபோனதுக்குப் பதில் வேக வச்சுக் குடுக்கணும்ல" என்றாள் அக்கா. முகத்தில் வேர்வையோடு சருகுத்தூள்.

தோட்டத்தம்மா முட்டைக்கோஸ் நாற்று நட்ட வாரத்தில் மழை இறங்கியது. மழை வந்தால் எங்கள் தெருவில் முன்பக்கம் போனில் சிக்னல் செத்துவிடும். அன்று காலை அக்கா தீவனம் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தவள், புறவாசலில் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

கோழிகள் ஏழும் தோட்டத்தில். முட்டைக்கோஸ் பாத்தி தலைகீழாகக் கிடந்தது. நனைந்த மண் சுகமாக இருந்திருக்கும், இரண்டு காலாலும் வாரி வாரிப் பின்னால் இறைத்திருக்கின்றன. நாற்றுகள் வேர் மேலே, இலை கீழே. பிழைத்த தக்காளிச் செடிகளில் பழுத்ததாகப் பார்த்து ஆளுக்கொரு கொத்து. டிரங்கால் பீன்ஸ் பந்தல்மேல் ஏறி நின்றது, ஏதோ சாதித்தமாதிரி. நடுவில் தோட்டத்தம்மா. கையில் போன், முழங்கால்வரை சேறு, முகத்தில் ரத்தமில்லை. தம்பி வாசல்படியில் குனிந்து நின்றார்.

அக்கா முதலில் பீரோவைப் பார்த்தாள். அடைப்பின் கொக்கி போட்டபடியே இருந்தது. வலை நின்றபடி நின்றது. மேலே பறந்து தாண்டியிருக்கின்றன. கறிக்கடைக்காரர் சொன்ன இறக்கை நுனி கண்முன் வந்தது. மூட்டையை இறக்கி வைத்தாள்.

"தம்பி, கறிக்கடைக்காரரைக் கூடையோட வரச் சொல்லு."

"இன்னைக்கேவாக்கா?"

"இன்னைக்கேன்னுதான் பேச்சு."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் தோட்டத்தம்மா.

"நீ அன்னைக்கே சொல்லிட்டம்மா. நானும் சரின்னுட்டேன்."

தோட்டத்தம்மா சேற்றிலிருந்து காலை உருவினாள். "கிளம்புறதுன்னா ஒரு சாக்கு வேணும்ல. கிடைச்சுது" என்றாள். என்ன சொல்கிறாள் என்று அக்காவுக்குப் புரியவில்லை. கேட்கவும் தெம்பில்லை. மனசுக்குள் தகரப் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுக்கும் சத்தம் ஏற்கெனவே கேட்க ஆரம்பித்துவிட்டது.

கறிக்கடைக்காரர் மூங்கில் கூடையோடு வந்தார். ஆனால் கோழிகள் அவர் கடைக்கு வரும் கோழிகள்போலக் காலைக் கட்டிக்கொண்டு வரவில்லை. அவர் கத்தரிப் பக்கம் பாய்ந்தால் அவை பூசணிக்கடியில் நுழைந்தன. தம்பி குறுக்கே விழுந்து மறித்தார், மறித்ததோடு சேற்றில் உட்கார்ந்தும்விட்டார். லைன்மேன் அவர் தோளில் ஒரு காலை வைத்து வேலிமேல் ஏறியது. கோழிகள் மிச்சம் வைத்த நாற்றுகளை மனுஷர்கள் மிதித்து முடித்தார்கள்.

"நிறுத்துங்க" என்றாள் அக்கா. "நான் கூப்பிட்டா வந்துடும். கூடையை இங்க வைங்க."

தட்டில் குருணையை அள்ளிக்கொண்டு வந்து கூடையின் பக்கத்தில் நின்றாள். வாயைத் திறந்தாள். அந்தச் சொல்லை ஆயுசெல்லாம் சொன்னவள், காய்ச்சலில் சொன்னவள், அம்மா செத்த மறுவாரம் வேலைக்குப் போய்ச் சொன்னவள். இப்போது வரவில்லை.  குருணை நாலு மணி கீழே சிந்தியது. 

அந்த நேரம் பார்த்துக் கறிக்கடைக்காரர் சட்டைப்பையில் போன் அடித்தது.

"ஹலோ" என்றார் அவர். "ஹலோ... யாரு? கேக்கலை... ஹலோ..."

பூசணி இலைகள் அசைந்தன. எங்கேஜ்டு முதலில் வந்தது, கழுத்தை நீட்டிக்கொண்டு, இறக்கையைப் பாதி விரித்துக்கொண்டு. பின்னாலேயே மற்றவை. லைன்மேன் வேலியிலிருந்து குதித்தது. டிரங்கால் பந்தலிலிருந்து இறங்கி அவர் செருப்பின் மேலேயே வந்து நின்று அண்ணாந்து பார்த்தது. ஏழு கோழியும் தன்னைச் சூழ்ந்து நிற்க, கறிக்கடைக்காரர் போனைக் காதிலிருந்து மெல்ல எடுத்தார்.

"என்னம்மா இது. என் சர்வீஸ்ல எந்தக் கோழியும் என்கிட்ட இவ்வளவு ஆசையா வந்ததில்லை."

தோட்டத்தம்மா தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"அண்ணி. இதுங்களுக்கு ஹலோன்னா வருமா?"

"அப்படித்தான் பழக்கிட்டேன். வேற எனக்கு என்ன வரும்."

"அப்ப காலையில சாயங்காலம் நீங்க பேசுறது..."

"தீனி வைக்கும்போது கூப்பிடுறது."

"ஹாஸ்டல்காரிகிட்ட இல்லையா?"

"அவகிட்ட ஹலோ சொல்லி என்ன பிரயோஜனம். காது மந்தம் அவளுக்கு."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேற்றில் உட்கார்ந்திருக்கிறவர் சிரித்தால் நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டார்.

"நான் என்ன நினைச்சேன்" என்று ஆரம்பித்த தோட்டத்தம்மா, நினைத்ததைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னாள். "பொண்ணு போன் பண்ணினா. முன்னாடி சிக்னல் இல்ல. இந்தப் பந்தல் பக்கம் வந்து நின்னேன். அவ பேசுறது எனக்குக் கேக்குது, நான் பேசுறது அவளுக்குக் கேக்கல. எத்தனை ஹலோ சொன்னேனோ எனக்கே தெரியல. ஒண்ணொண்ணா வலைமேல ஏறி என்னப் பாத்துக் குதிக்குது. வெறி பிடிச்சிருச்சுன்னு பயந்து, இன்னும் கத்தினேன், ஹலோ, ஹலோன்னு, அவளாவது வந்து காப்பாத்துற மாதிரி. கத்தக் கத்த இன்னும் வருது."

"யாரு கூப்பிட்டு வந்தாலும் கால் கால்தான்" என்றாள் அக்கா. விடாப்பிடி. "பாத்தியில வச்சாச்சு. இறக்கை வெட்டச் சொன்னாரு, நான்தான் வெட்டல."

"பாத்தி யாருது அண்ணி?"

"உன்னுது."

"அப்ப யாரு கால் வச்சது தப்பு, யாரு கால் வச்சது தப்பில்லன்னு நான்தான் சொல்லணும். வரச் சொல்லிட்டு வந்தவங்களை அறுக்க அனுப்புறது எங்க வீட்டு வழக்கமில்ல." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சேறு இன்னும் கொஞ்சம் பரவியது. "தக்காளியை வேக வச்சதுக்குத்தான் எனக்கு இன்னும் கோவம். அது தனி."

"முடிவு பண்ணுங்கம்மா" என்றார் கறிக்கடைக்காரர், காலை அசைக்க முடியாமல். "கடையில ஆள் நிக்குது."

எதிர்வீட்டுக் கம்பவுண்டர் மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்கே பார்க்காமல் இருந்திருக்கிறார். "அந்தச் சேவலையாவது கொண்டுபோகச் சொல்லுங்கம்மா. புண்ணியமாப் போகும்."

அக்கா குனிந்து டிரங்காலைத் தூக்கினாள். அது வழக்கம்போல அவள் கையைக் கொத்திப் பார்த்தது. ஒரு தரம் அதன் கழுத்தைத் தடவிவிட்டு, தானே கூடைக்குள் இறக்கி மூடியைப் போட்டாள்.

"அது உனக்குப் பிடிச்சதாச்சேக்கா" என்றார் தம்பி.

"பிடிச்சதாலதான் சேவல்னு தெரிஞ்ச பிறகும் இத்தனை நாள் வச்சிருந்தேன். போகட்டும். சொன்ன பேச்சுல ஒண்ணாவது நிக்கணும்." கறிக்கடைக்காரரைப் பார்த்து, "எனக்குத் தெரியிற மாதிரி எதுவும் பண்ணாதீங்க அண்ணே. பின்பக்கமா எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

வருத்தப்பட்டாள். சொல்லவில்லை.

அன்று மத்தியானம் மழை விட்டதும் இரண்டு பேரும் குளியலறைச் சுவரோரம் உட்கார்ந்து இறக்கை வெட்டினார்கள். தோட்டத்தம்மா பிடித்துக்கொள்ள, அக்கா கத்தரிக்கோல் போட்டாள். முதல் கோழிக்குக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் திறந்து வெட்டுங்க அண்ணி. என் விரல் இருக்கு அங்க."

"இந்தப் பக்கம் போதுமா?"

"ஒரு பக்கம்தான்னு சொன்னாருல்ல. ரெண்டு பக்கமும் வெட்டினா சரிசமமாப் பறந்திடும். இதோ, நல்லாத்தான் வெட்டுறீங்க. இந்த லைன்மேனுக்குக் கூடக் கொஞ்சம் வெட்டுங்க, திருட்டு முழி முழிக்குது."

கோழிகளின் பேர் அவளுக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்கவில்லை.

மறுநாள் முட்டைக்கோஸ் பாத்தியைத் திரும்பக் கொத்தினார்கள். ஆணியில் மாட்டியிருந்த களைக்கொத்து அக்கா கைக்குத் திரும்பி வந்தது, எந்த விழாவும் இல்லாமல். "இதைப் பிடிங்க, எனக்கு முதுகு வலிக்குது" என்றுதான் தோட்டத்தம்மா சொன்னாள். முதுகு வலிக்கிறவள் எப்படி அவ்வளவு நேரம் நாற்று நட்டாள் என்பது வேறு விஷயம். நட்டு முடித்ததும் போய் எருக்குழியை மண்வெட்டியால் கிளறினாள். ஆவி இல்லை. ஒரு பிடி எடுத்துக் கசக்கினாள், மோந்து பார்த்தாள். மழை பெய்த மண்ணைப்போல இருந்தது.

"வெந்துருச்சு" என்றாள். "ஒவ்வொரு நாத்துக்கும் ஒரு கை போடுங்க. தண்டுல படாம, கொஞ்சம் தள்ளி."

அக்கா போட்டாள். இந்தத் தடவை பக்கத்தில் ஆள் இருந்தது.

பெட்டி விஷயம் அதற்கப்புறம் வந்தது. ஒரு சாயங்காலம் எங்கேஜ்டைக் காணவில்லை. பீரோவில் இல்லை, பூசணிக்கடியில் இல்லை. மற்ற ஐந்தும் ஹலோவுக்கு ஓடிவந்தன, அது மட்டும் வரவில்லை. தேடித் தேடிக் கடைசியில் அக்காவின் அறையில், கட்டிலுக்கடியில், சாத்தாமல் விட்ட தகரப் பெட்டிக்குள், மடித்து வைத்த புடவைகளின்மேல் உடம்பைப் பரப்பி உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்தது. அடியில் முட்டைகள், டிரங்கால் இருந்த நாளிலிருந்து சேர்ந்தவை. அடைப்பைத் திறக்கும்போதெல்லாம் நழுவி, நாலைந்து நாளாகத் திருட்டுத்தனமாக வந்து இட்டிருக்கிறது.

"அடைக்கு உக்காந்திருச்சு" என்றாள் தோட்டத்தம்மா எட்டிப் பார்த்து. "இனிமே எழுப்பினா பாவம்."

"என் புடவையெல்லாம் அதுக்கடியில இருக்கு."

"மேல இருக்கிறது போகட்டும். அடியில இருக்கிறதை மெதுவா உருவுங்க. நான் இந்தப் பக்கம் தூக்கிப் பிடிக்கிறேன்."

இரண்டு பேரும் தரையில் படுத்துக்கொண்டு, கோழிக்கடியிலிருந்து ஒவ்வொரு புடவையாக உருவினார்கள். எங்கேஜ்டு ஒரு தரம் தோட்டத்தம்மாவின் மணிக்கட்டில் கொத்தியது. "கொத்துடி, கொத்து. உன் வீடுதான்" என்றாள் அவள்.

விடுதித்தோழி அன்றைக்கே போன் செய்தது தற்செயல். அக்கா காது மந்தக்காரிக்குக் கேட்கும்படி கத்திச் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "வரலாம்டி. பெட்டி இல்ல. பெட்டியில கோழி அடை உக்காந்திருக்கு... கோழி... இல்ல, வேற பெட்டி வாங்குற உத்தேசமில்ல. அந்தக் கட்டிலை வேற யாருக்காவது குடுத்துரு."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தபோது, கட்டில்மேல் அடுக்கி வைத்திருந்த புடவைகளைக் காணவில்லை. கூடத்து இரும்பு பீரோ திறந்திருந்தது. மகள் கல்யாணத்துக்கு முன் அவள் துணிகள் இருந்த மேல் தட்டு. தோட்டத்தம்மா யாரையும் அதில் ஒரு கைக்குட்டைகூட வைக்க விட்டதில்லை. அதில் இப்போது அக்காவின் புடவைகள், கோழிச்சிறகு ஒன்றிரண்டு ஒட்டியபடி, மடிப்புக் கலையாமல் இருந்தன.

தோட்டத்தம்மா சமையலறையில் இருந்தாள். தட்டில் இரண்டு அவித்த முட்டை. ஒன்று பாதி தின்றிருந்தது.

"உனக்குச் சூடாச்சே" என்றாள் அக்கா.

"மழைக்காலம்தானே" என்றாள் அவள், வாயில் முட்டையோடு. "மிளகுத்தூளை எடுங்க. நின்னுக்கிட்டே இருந்தா எப்படி, அந்த வெங்காயத்தை யாரு உரிக்கிறது?"

அக்கா உட்காரவில்லை. வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

இப்போதும் அந்த வீட்டுக்குப் போன் செய்து பாருங்கள், எடுத்தவுடன் யாரும் ஹலோ சொல்ல மாட்டார்கள். "ம், சொல்லுங்க" என்றுதான் தம்பி ஆரம்பிப்பார். தோட்டத்தம்மா கதவைச் சாத்திக்கொண்டு, "யாரு?" என்று அதட்டுவாள். மரியாதை தெரியாத குடும்பம் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. இருக்கட்டும். பேசுகிற வீடுகளுக்கெல்லாம் முட்டை அங்கிருந்துதான் போகிறது, கம்பவுண்டர் வீடு உட்பட.